கடைசி வரியில் வரும் பெயர்

ஒரு மாவட்டத் தலைநகரில் ஒன்பது வருஷம் கோர்ட் செய்தி எழுதினேன். காலையில் கோர்ட் வாசல் டீக்கடை, சாயங்காலம் ஐந்து மணிக்குள் மூன்று செய்தி, அவ்வளவுதான் வேலை. விடுதலைச் செய்தி என்றால் கை தானாகவே ஒரு வரியை அடிக்கும்: "அரசுத் தரப்பு குற்றச்சாட்டைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தவறியதால்..." தீர்ப்பில் இருப்பதே அதுதான், அதனால் தப்பாகத் தோன்றியதே இல்லை.

ஒரு வெட்டு வழக்கு. வெட்டுப்பட்டவருக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காது. அந்தக் கையாலேயே கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இருட்டுங்கய்யா, யாரு வெட்டுனதுன்னு பாக்கல" என்றார். அரசு வழக்கறிஞர் (பிபி) ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் அவரைப் பிறழ் சாட்சியாக, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் சாட்சியாக, அறிவிக்க அனுமதி கேட்டு, போலீஸ் விசாரணையில் சொன்னதை வரி வரியாகப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் "அப்படிச் சொல்லலைங்க" என்றே பதில் வந்தது. போலீஸ் எழுதும் அந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்து போடக்கூடாது என்பது சட்டம், அதனால் பிடித்து நிறுத்தவும் வழியில்லை. அன்றைக்கு மத்தியானம் டீக்கடையில் அந்தச் சாட்சிக்குக் காசு கொடுத்தது முதல் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் ஆளின், மச்சான். பார்த்தேன், ஆனால் அதை எப்படி எழுதுவது?

வழக்கு விடுதலையில் முடிந்தது, பழைய வரியையே போட்டேன். மறுநாள் முடிவெட்டப் போன இடத்தில் கடைக்காரரே கேட்டார், "பிபிக்கு எவ்வளவு கை மாறுச்சாம்?" உள்ளூர் வாட்ஸ்அப் குழுக்களில் தொகையே முடிவு பண்ணிவிட்டார்கள். அந்த பிபி என்னிடம் கோபப்படவில்லை. "தண்டனை ஆனா 'அரசுத் தரப்பில் ஆஜரானார்'னு கடைசி வரியில என் பேரு வரும். விடுதலை ஆனா முதல் வரியிலேயே நான் தவறிட்டேன், இல்ல தம்பி?" என்று சிரித்தார்.

ஜனங்கள் சந்தேகப்படுவதை முழுக்கத் தப்பென்றும் சொல்ல மாட்டேன். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்கும் அரசு உதவி வழக்கறிஞர் டிஎன்பிஎஸ்சி பரீட்சை எழுதி வந்தவர், செஷன்ஸ் கோர்ட் பிபியோ அரசு நியமிப்பவர், ஆட்சி மாறினால் அந்த நாற்காலியும் மாறும். அந்தந்தக் கட்சிக்காரர் என்று ஊருக்கே தெரியும்போது சந்தேகம் வராமல் இருக்குமா? ஆனால் புலன்விசாரணை அவர் கையில் இல்லை, போலீஸ் கட்டிக் கொடுத்த கேஸ் கட்டை வைத்துத்தான் அவர் வாதாட வேண்டும் என்பதை நாங்களும் ஒரு நாள்கூட எழுதியதில்லை.

சாட்சி பிறழ்ந்தாலே வழக்கு போச்சு என்றும் இல்லை. 2015 கோகுல்ராஜ் சாதி ஆணவக்கொலை வழக்கில் முக்கிய சாட்சியே கோர்ட்டில் மாற்றிச் சொன்னார். ஆனால் திருச்செங்கோடு கோயில் கேமரா காட்சிகள் இருந்தன, சிறப்பு அரசு வழக்கறிஞராக ப.பா. மோகன் இருந்தார், 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் முக்கியக் குற்றவாளி யுவராஜ் உள்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அது தமிழ்நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கு. எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் ஏது கேமரா?

அதற்குப் பிறகு அடுத்து வந்த ஒரு விடுதலைச் செய்தியில், புகார் கொடுத்தவர் உள்பட ஐந்து பேர் பிறழ் சாட்சியம் அளித்தனர் என்று ஒரு வரி சேர்த்தேன். இடமில்லை என்று டெஸ்க்கில் வெட்டப் பார்த்தார்கள், சண்டை போட்டு வாங்கினேன். பிபியைத் திட்டி யாரும் பேசவில்லை, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் ஒரு போன். புகார் கொடுத்தவரின் மனைவி.

"எங்க வீட்டுக்காரர் பல்டி அடிச்சுட்டார்னு ஊரே காறித் துப்புது சார். தெனமும் கேஸ்ல விடுதலையானவங்க வீட்டு வாசலத் தாண்டித்தான் நான் தண்ணிக்குப் போகணும், அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?"