மார்க் நம்பர் சொன்னால்தான் சாமான்

ஒரு கார் கம்பெனியின் வரலாற்றைச் சொல்லச் சொன்னால் எந்த வருஷம் எந்த மாடல் வந்தது என்று வரிசையாக அடுக்குவார்கள். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் வேலைக்காலம் முழுவதையும் கழித்த எனக்கு அந்த வரிசை வேறு மாதிரி தெரியும். புது மாடல் வந்ததால் எங்கள் ரேக்கில் புதிதாக ஓர் அறை ஒதுக்க வேண்டியிருந்ததா இல்லையா, அதுதான் எங்கள் கணக்கு. அந்தக் கணக்குப்படி, கம்பெனி கொண்டாடிய பல விசேஷங்கள் எங்களுக்கு ஒன்றுமே இல்லை. யாரும் கவனிக்காமல் நடந்த ஒன்றிரண்டுதான் பெரிய திருப்பங்கள்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸைத்தான் சொல்கிறேன். பி.எம். பிர்லா 1942-ல் தொடங்கிய கம்பெனி. முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இருந்தது, 1948-ல் வங்காளத்தின் உத்தர்பாராவுக்குப் போனது. இங்கிலாந்தின் மாரிஸ் கார்கள்தான் மூலம். ஹிந்துஸ்தான் டென், அப்புறம் 1954-ல் லேண்ட்மாஸ்டர், 1957-ல் அம்பாசடர். மூன்றாவதாகச் சொன்ன பெயர்தான் 2014 வரை அந்தக் கம்பெனிக்குச் சோறு போட்டது.

நான் எழுபதுகளின் கடைசியில் கடைக்குப் போனபோது மேலூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒன்றிரண்டு லேண்ட்மாஸ்டர் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வால்வு பக்கவாட்டில் இருக்கும் சைடு வால்வு இன்ஜின். அம்பாசடரும் முதலில் அதே இன்ஜினோடுதான் வந்தது. 1959-ல் வால்வு மேலே இருக்கும் ஓவர்ஹெட் வால்வு 1489 சிசி இன்ஜினுக்கு மாறியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எங்கள் கடைக்கு அதுதான் முதல் பெரிய மைல்கல். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் பெட்ரோல் அம்பாசடரின் வயிறு அப்படியே இருந்தது.

முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மார்க் நம்பர். 1963 வாக்கில் மார்க் 2 வந்தது, முன்னால் நெருக்கமாகக் கட்டம் போட்ட கிரில். 1975-ல் மார்க் 3, படுக்கைக் கம்பிகள் வைத்த கிரில், வட்ட இண்டிகேட்டர். 1979-ல் மார்க் 4, கிரில் சிறியதாகி, கட்டம் பெரியதானது. கோரிப்பாளையத்திலிருந்து சைக்கிளில் வரும் மேஸ்திரி ஒருவர், பழைய சாமானைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வருவார். எண்ணெய் ஊறி எழுத்தே தெரியாது. மார்க் 4 வந்த புதிதில், "அண்ணே, இனி எல்லாம் மாறிருமா?" என்று அவரிடம் கேட்டேன். "பிர்லா வருஷத்துக்கு ஒரு முகம் மாத்தட்டும் தம்பி, வயித்தை மாத்தாம இருந்தாச் சரி" என்றார்.

அதனால் கவுண்டரில் எங்கள் கேள்வி இரண்டு வகைப்படும். கிரில், லைட், பம்பர் என்றால், "மார்க் என்னண்ணே?" இன்ஜின் சாமான் என்றால் மார்க் கேட்க மாட்டோம், "ஸ்டாண்டர்டா, இருபதா, நாற்பதா?" என்போம். வண்டி ஓடி ஓடி சிலிண்டர் தேய்ந்தால் லேத்துப் பட்டறையில் ரீபோர் செய்வார்கள். துளை கொஞ்சம் பெரிதாகிவிடும், அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். இருபது என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தால் அது மெலிந்துவிடும், அதனால் பேரிங் கணக்கு மறுபக்கம் ஓடும், பத்து, இருபது, முப்பது என்று. பிஸ்டனின் கடைசி சைஸும் தாண்டிவிட்டால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புதுக் குழாயை அடித்து, மறுபடி ஸ்டாண்டர்டிலிருந்து தொடங்குவார்கள். ஸ்டேஷன் வாசல் டாக்சி ஒன்றின் வயதை ஆர்சி புக்கைவிட எங்கள் பில் புத்தகம் சரியாகச் சொல்லும்.

ரொம்ப விற்றது ட்ரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு மேலும் கீழும் மரை போட்ட ஒரு சாமானில் உட்கார்ந்து திரும்பும், அதுதான் ட்ரன்னியன். ஒழுங்காகக் கிரீஸ் அடித்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். வாடகை வண்டிக்காரர்களுக்கு கிரீஸ் அடிக்க ஏது நேரம்? மரை தேய்ந்து சக்கரம் ஆட ஆரம்பித்த பிறகுதான் கடைக்கு வருவார்கள். நல்ல ட்ரன்னியனைக் கையில் எடுத்து மரையில் விரலை ஓட்டினால் விளிம்பு லேசாகக் கீறும். தேய்ந்தது வழவழவென்று இருக்கும். பெட்டி மேல் என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் மேஸ்திரிகள் விரலை ஓட்டிப் பார்க்காமல் வாங்கியதே இல்லை.

கார்த்திகை பிறப்பதற்கு முன்பே முதலாளி ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், பிரேக் லைனிங் மூன்றையும் மூட்டையாக வாங்கிப் போட்டுவிடுவார். தேனி, குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் வண்டிகள். சித்திரை வைகாசியில் கொடைக்கானல். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து ஓரங்கட்டி நிற்கும் அம்பாசடர்களை அந்தக் காலத்தில் மலைக்குப் போன எல்லோரும் பார்த்திருப்பார்கள். எங்கள் முதலாளியைப் பொறுத்தவரை ஐயப்பனும் கொடைக்கானலும் சேர்ந்துதான் கடை வாடகை கட்டினார்கள்.

1980 வாக்கில் டீசல் அம்பாசடர் வந்தது. இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் அது. எங்கள் ரேக்கில் நிஜமாகவே புது அறைகள் முளைத்தன. நாசில், ஹீட்டர் பிளக், பம்ப் எலிமென்ட், டீசல் ஃபில்டர். பெட்ரோல் விலைக்கும் டீசல் விலைக்கும் இருந்த வித்தியாசத்தில் டாக்சிக்காரர்கள் விழுந்தடித்துக்கொண்டு வாங்கினார்கள். ஆனால் அதன் பலம் 37 குதிரைத்திறன். அஞ்சு பேரும் மேலே லக்கேஜுமாகக் கொடைக்கானல் ஏறினால் டிரைவர் தன் குலதெய்வத்தைக் கூப்பிட வேண்டும். கொஞ்ச நாளில் நம் ஊர்ப் பட்டறைகள் மேட்டடார் வேன் இன்ஜினை வாங்கி அம்பாசடருக்குள் இறக்க ஆரம்பித்தன. பழைய பெட்ரோல் வண்டியும் டீசலாகிவிடும், மலையும் ஏறும். இது கம்பெனியின் வரலாற்றில் எங்கும் வராது. தெற்குச் சீமையில் அந்தக் காரின் ஆயுளை நீட்டியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். மதுரைக்கு இந்த வேலை புதிதும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் கரி வாயுவில் வண்டி ஓட்டும் பிளான்ட் செய்து கொடுத்த ஊர் இது.

1983 டிசம்பர் 14 அன்று மாருதியின் முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். மூன்று சிலிண்டர், 796 சிசி, இழுவை முன்சக்கரத்தில். மதுரைக்கு அந்தக் கார் வந்து சேர்ந்தபோது கடையில் எல்லோரும் சிரித்தோம், இது நம் ரோட்டில் எத்தனை நாள் தாங்கும் என்று. அது தாங்கியது, அதுதான் பிரச்சினை. ரிப்பேருக்கு வராத காரை வைத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் என்ன செய்வான்? வந்தாலும், பழைய சாமானைத் தாளில் சுற்றிக்கொண்டு யாரும் வரவில்லை. சேஸிஸ் நம்பரை எழுதிக்கொண்டு வந்தார்கள். சாமான் சீல் வைத்த பாக்கெட்டில் நம்பரோடு இருந்தது. விரல் ஓட்டிப் பார்க்க இடமில்லை. இன்னொன்று, 1986-லேயே மாருதி 800-க்கு முழுசாகப் புது பாடி வந்துவிட்டது. இன்ஜின் அதே 796 சிசிதான், ஆனால் கண்ணாடி, கதவு, லைட் எல்லாம் வேறு. மூன்று வருஷம்கூட ஆகாத ஒரு கார் 'பழைய மாடல்' ஆனதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

மாருதிக்கு உத்தர்பாராவின் பதில் 1984-ல் வந்த கான்டெஸா. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரின் நீளமான பாடி, பார்க்கக் கம்பீரம். முதலாளி ரேக்கில் இடம் ஒழிக்கச் சொன்னார். முதல் கான்டெஸா சர்வீஸுக்கு வந்து பானெட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே நம்ம அம்பாசடரின் அதே 1489 இன்ஜின். ஒழித்த இடத்தில் டீத்தூள் டப்பாவை வைத்தோம். பணம் இருந்தும், பல வருஷம் பெரிய போட்டி இல்லாமல் விற்றும், சொந்தமாக ஓர் இன்ஜின் செய்ய அவர்களுக்குத் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். சாமான் மாறாததால் பிழைத்தவன் நான். நானே சொல்கிறேன், அது தப்பு.

பிறகு ஜப்பானின் இசுசு 1800 சிசி இன்ஜினைக் கான்டெஸாவில் போட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதையே அம்பாசடருக்கும் கொடுத்தார்கள். ஐந்து கியர், கியர் கம்பி ஸ்டீயரிங் பக்கத்தில் இல்லாமல் தரையில். முன்னால் நீள சீட்டுக்குப் பதில் தனித்தனி சீட். இன்ஜின் நன்றாகவே இருந்தது. ஆனால் கல்யாண வண்டி ஓட்டுகிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "முன்னாடி மூணு பேர் உட்கார முடியாத அம்பாசடர் எதுக்குண்ணே?" 1998-ல் கம்பெனியின் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. அதன் சாமான் ஒன்றுகூட எங்கள் கவுண்டருக்கு வந்ததில்லை. அம்பாசடரிலேயே 2003-ல் கிராண்ட், 2004-ல் அவிகோ என்றெல்லாம் வந்தன, படத்தில் பார்த்ததோடு சரி.

மதுரையில் அம்பாசடரின் கதை அதற்குள் முடிந்துவிட்டது. சுமோவும், 1999-க்குப் பிறகு டீசல் இண்டிகாவும் ஸ்டாண்டுகளைப் பிடித்துக்கொண்டன. கோரிப்பாளையத்து மேஸ்திரியின் மகன்கூட இண்டிகா வேலைதான் கற்றான். அரசு அலுவலகங்களின் வெள்ளை அம்பாசடர்கள் ஏலத்துக்கு வந்து உதிரியாகப் பிரிந்து போயின. எண்பதுகளின் நடுவில் வருஷத்துக்கு 24,000 கார் வரை விற்ற கம்பெனி, கடைசி வருஷத்தில் சுமார் 2,200-க்கு வந்து நின்றது. 2014 மே மாதம் உத்தர்பாராவில் வேலையை நிறுத்திவிட்டார்கள். 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை பிரான்சின் பியூஜோ கம்பெனிக்கு 80 கோடிக்கு விற்றார்கள் என்று பேப்பரில் வந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வெறும் பேருக்கே எண்பது கோடின்னா, நம்ம குடோன்ல கெடக்குற சாமானுக்கு என்ன கேக்கலாம்?" என்றார்.

கேட்ட விலை கிடைக்கத்தான் செய்கிறது. இப்போது முதலாளியின் மகன் கடையைப் பார்க்கிறார், நான் சாயங்காலம் மட்டும் போய் உட்காருவேன். தாத்தாவின் காரை மீட்டெடுக்கிறேன் என்று ஐடி வேலைப் பையன்கள் வருகிறார்கள். நாம் கேட்பதற்கு முன்பே மார்க் நம்பரைச் சொல்லிவிடுகிறார்கள். கையில் போட்டோ, அந்த வருஷத்துக் கிரில்தான் வேண்டும், வேறு மார்க் ஆகாது. பிஸ்டன் என்ன சைஸ் என்று கேட்டால் முழிக்கிறார்கள். போன வாரம் வந்த பையனிடமும் அதைத்தான் சொன்னேன்: "கிரில் எங்கேயாவது தேடிப் பிடிக்கலாம் தம்பி. முதல்ல வண்டியை ஜாக்கியில தூக்கி, முன்சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா இங்க வாங்க, நாலு ஜோடி இருக்கு."