வேலைக்கு நடுவே கொட்டும் வியர்வை: ஒரு செவிலியரின் நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

நான் செவிலியராகப் பணிபுரியும் தொழிற்கூடத்தின் முதலுதவி அறைக்கு இன்று முற்பகல் 56 வயதுடைய தொழிலாளர் ஒருவரை உடன் வேலை செய்பவர்கள் கைத்தாங்கலாக அழைத்து வந்தனர். உட்கார்ந்தபடி சீட்டுகளைச் சரிபார்ப்பதுதான் அவருடைய வேலை. அந்தக் கூடத்தில் புழுக்கமும் இல்லை. அப்படியிருந்தும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருந்தது, முகம் வெளிறியிருந்தது. உடல் வெப்பம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் மூன்றும் ஏறக்குறைய இயல்பாகவே இருந்தன. வரும் வழியிலேயே யாரோ அவருக்கு இனிப்புப் பானம் கொடுத்திருந்ததால், நான் பார்த்தபோது இரத்தச் சர்க்கரையும் 104 என்று காட்டியது.

“வயதாகிவிட்டது அம்மா, வேர்க்கத்தானே செய்யும்” என்று சொல்லி அவர் எழுந்து போகப் பார்த்தார். நான் விடவில்லை. வெயிலோ கடும் உழைப்போ இல்லாமல் திடீரெனக் குளிர்ந்த வியர்வை கொட்டினால், இல்லை என்று உறுதியாகும் வரை அதை மாரடைப்பாகவே கருத வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நெஞ்சுவலி இல்லையே என்று சமாதானம் அடையவும் முடியாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், தாடையிலோ முதுகிலோ ஒரு இறுக்கம் என்ற அளவில் மாரடைப்பு வந்துவிடுவதுண்டு. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். இ.சி.ஜி. சீராக இருந்தது, சில மணி நேர இடைவெளியில் இருமுறை எடுத்த, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் இயல்பு. இதயம் அல்ல என்பது தெரிந்தது. வேறு என்ன என்பதுதான் தெரியவில்லை.

மார்ச் 6, 2025, வியாழன்

வியர்வையின் அளவைப் பார்த்து அஞ்சுவதைவிட, அது சூட்டுக்கும் உழைப்புக்கும் ஏற்றதாக இருக்கிறதா என்று பார்ப்பதே பயனுள்ளது என்று இத்தனை ஆண்டுப் பணியில் உணர்ந்திருக்கிறேன். நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் வெப்பத்தை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி கண்டறிந்து, தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, சுரப்பிகளையும் முடுக்கிவிடுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுமையாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறுகிறது. சூட்டில் கடுமையாக உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பது நோயல்ல. வெப்பத்துக்குப் பழகிய உடல், பழகாத உடலைவிட விரைவாகவும் கூடுதலாகவும் வியர்க்கும். ஆகவே சூடான இடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஓரிரு வாரத்தில் வியர்வை கூடினால் அது உடல் தேறிவருவதன் அடையாளம்தான். காற்றுப் புகாத பாதுகாப்பு உடை அணிந்தவருக்கோ வியர்வை வழிந்தோடுமே தவிர ஆவியாகாது. எவ்வளவு வியர்த்தாலும் உடல் குளிராது.

ஆபத்தின்போது நிகழ்வது வேறு. இரத்தச் சர்க்கரை இறங்கினாலும், இதயம் தடுமாறினாலும், உள்ளே இரத்தம் கசிந்தாலும், வலி தாங்க முடியாமல் போனாலும், ஆபத்தை எதிர்கொள்ள உடலைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் உடல் முழுவதையும் விழிப்பூட்டுகிறது. அட்ரினலின் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தோல் வெளிறிக் குளிர்கிறது. அதே வேளையில் அந்த நரம்புகளே சுரப்பிகளையும் தூண்டுவதால் குளிர்ந்த தோலின் மீது வியர்வை அரும்புகிறது. சிவந்து சூடாக இருக்கும் தோலில் வரும் வியர்வைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் புறங்கையால் தொட்டே உணரலாம். ஆனால் வெப்பத்தால் ஏற்படும் உடற்சோர்விலும் தோல் குளிர்ந்து ஈரமாக இருக்கக்கூடும் என்பதால், தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கு. உழைப்பின் நடுவே வரும் வெப்பத் தாக்கில் வியர்வை நின்றுவிட வேண்டும் என்பதில்லை. வியர்க்கிறதே என்று எண்ணித் தாமதிக்காமல், குளிர்ந்த நீரால் உடனடியாக உடலைத் தணித்தாக வேண்டும்.

மார்ச் 9, 2025, ஞாயிறு

அவர் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் அட்டையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எழுதிக் கொடுக்கும்படி கேட்டால் பாதி விடுபட்டுப்போகும்; அட்டை பொய் சொல்லாது. நீரிழிவுக்கு நெடுங்காலமாகக் கிளிபென்கிளமைடு. ஒற்றைத் தலைவலிக்காக அண்மையில் தொடங்கியது ப்ராப்ரனலால். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததும் என் ஐயம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கிளிபென்கிளமைடு, உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்வது. உணவு தாமதமானால் சர்க்கரை இறங்கும். பொதுவாக அப்போது கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் எச்சரிக்கும். ப்ராப்ரனலால் அந்த இரண்டையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. காரணம், வியர்வைச் சுரப்பிகளுக்குச் செல்லும் பரிவு நரம்புகள் அசிட்டைல்கோலைன் என்னும் வேதிப்பொருளின் வழியாகச் செயல்படுகின்றன. அந்த மாத்திரை அதைத் தடுப்பதில்லை. ஆகவே இத்தகைய ஒருவரிடம் சர்க்கரை இறங்குவதற்கான ஒரே வெளிப்படை அறிகுறி வியர்வையாக இருந்துவிடலாம்.

மருந்தால் வியர்ப்பது நாம் நினைப்பதைவிடப் பரவலானது. செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகள், டிரமடால் போன்ற வலிநிவாரணிகள் ஆகியவை பலருக்கு வியர்வையைக் கூட்டுகின்றன. நாள்தோறும் மது அருந்துபவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே நடுக்கத்தோடு வியர்வை தொடங்கும். அதை மனவுறுதியால் தாங்கிக்கொள்ளச் சொல்வது தவறு, வலிப்பு வரை போகக்கூடும்.

மாத்திரைகளைத் தாமாக நிறுத்த வேண்டாம், மருத்துவரைப் பார்க்கும் நாளை முன்னதாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன். குளுக்கோஸ் மாத்திரைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவும், வேர்க்கத் தொடங்கிய நொடியிலேயே என்னை அழைக்கவும் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 13, 2025, வியாழன்

ஒன்றை ஐயுறும்போது மற்றவற்றை மறந்துவிடும் பழக்கம் எனக்கு வந்துவிடக்கூடாது என்பதால், எஞ்சிய காரணங்களையும் இன்று எழுதிப் பார்க்கிறேன். பசி நன்றாக இருந்தும் எடை குறைந்து, சூடு தாங்காமல், விரல்கள் நடுங்கினால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவருக்கு எடை குறையவில்லை. தலைவலி, படபடப்பு, வியர்வை மூன்றும் ஒருங்கே அலையலையாக வந்து, அப்போது இரத்த அழுத்தமும் உயர்ந்தால், அட்ரினல் சுரப்பியில் அரிதாகத் தோன்றும் கட்டியை நினைக்க வேண்டும். மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்கு மார்பிலிருந்து முகம் வரை சூடு ஏறி வியர்த்து சில நிமிடங்களில் தணிந்துவிடும். வேலையிடத்தில் இதை வெளியே சொல்லத் தயங்கி, மின்விசிறிக்கு அருகே இடம் கேட்கக்கூடக் கூசுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. பீதித் தாக்கத்தின் வியர்வை சில நிமிடங்களில் உச்சத்தை எட்டும். ஆனால், “பதற்றம்தான்” என்ற முடிவு மற்றவை விலக்கப்பட்ட பிறகே வர வேண்டும்.

வேலையே காரணமாக இருப்பதும் உண்டு, மருத்துவர்கள் கேட்க மறப்பதும் இதைத்தான். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து தெளிப்பவருக்கு அது தோல் வழியாகவும் உள்ளே செல்லும். அசிட்டைல்கோலைன் சிதைவது தடைபட்டு வியர்வை, எச்சில், கண்ணீர் ஆகியவை பெருகும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். அத்தகையவரைத் தொடுபவர் கையுறை அணிந்து, நனைந்த உடையைக் களைந்து, அவருடைய தோலைக் கழுவி, விரைந்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஈரமான புகையிலை இலைகளைப் பறிப்பவருக்கு நிகோட்டின் தோலில் ஊறி, வாந்தியும் தலைச்சுற்றலும் வியர்வையும் வரும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பைப் பற்றவைப்பவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலும் வியர்வையும் கண்டு, ஓரிரு நாளில் தானாக நீங்கும். முதல் உலகப் போர்க்காலத்தில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிலாளர்கள் டைநைட்ரோபீனால் என்னும் பொருளால் பெருமளவு வியர்த்து, எடை குறைந்தார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்தன. அது உடலின் எரிபொருளை ஆற்றலாக மாற்றவிடாமல் வெறும் வெப்பமாக்கிவிடுகிறது. அதே பொருள் 1930களில் எடை குறைக்கும் மருந்தாக விற்கப்பட்டதை நினைத்தால் இன்றும் நடுங்குகிறது.

மார்ச் 18, 2025, செவ்வாய்

இன்று அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய மேலுதடும் கழுத்தும் நனைந்திருந்தன, கைகள் நடுங்கவில்லை, கேட்ட கேள்விக்குச் சற்றுத் தாமதித்தே விடை சொன்னார். விரல்நுனியை நன்கு துடைத்துவிட்டுச் சோதித்தேன்: 52. அவருக்கு விழுங்குவதில் தடை இல்லாததால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்தேன்: 88. அதற்குள் வியர்வை அடங்கி, பேச்சும் தெளிந்துவிட்டது. அறிகுறி, அந்நேரத்தில் குறைந்த சர்க்கரை, சர்க்கரை ஏறியதும் அறிகுறி நீங்குதல் என்று 1938இல் விப்பிள் என்ற அறுவை மருத்துவர் வகுத்த மூன்றும் ஒரே அமர்வில் கண்முன்னே நிறைவேறின. சென்ற முறை அந்த இனிப்புப் பானம் அவரைக் காத்தது. காரணத்தையும் அதுவே மறைத்துவிட்டது.

சர்க்கரை ஏறிவிட்டது என்று அவரை மறுபடி வேலைக்கு அனுப்பவில்லை. கிளிபென்கிளமைடு மாத்திரையின் வேகம் நெடுநேரம் நீடிப்பதால், ஏறிய சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும். உணவு உண்ணச் செய்து, அளவுகளையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து, துணைக்கு ஒருவரோடு மருத்துவரிடம் அனுப்பினேன்.

மார்ச் 21, 2025, வெள்ளி

மருத்துவமனையில் ஒரு நாள் கண்காணிப்பில் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 42 ஆகக் குறைந்திருக்கிறது. அதனால் கிளிபென்கிளமைடு உடலிலிருந்து எளிதில் வெளியேறாமல் தேங்கியிருக்கிறது. போதாததற்குப் பணிமுறை மாறியதில் அவருடைய காலை உணவு தள்ளிப்போயிருக்கிறது. மாத்திரை மட்டும் பழைய நேரத்திலேயே போயிருக்கிறது. அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு மருந்து தந்திருக்கிறார்கள். தலைவலி மருந்தையும் மறுபரிசீலனை செய்கிறார்கள். அடுத்த இரண்டு வாரங்களுக்கு அவர் உணவுக்கு முன்பும், வேலையின் நடுவிலும், எப்போது வேர்த்தாலும் சோதித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பேட்டை என் அறையிலேயே வைத்திருக்கிறேன். பணிமுறை மாற்றப்படும்போது நீரிழிவு மருந்து எடுப்பவர்களின் உணவு நேரத்தையும் கேட்டுப் பதிய வேண்டும் என்று மேலாளருக்கு எழுதியிருக்கிறேன், விடையை எதிர்பார்த்திருக்கிறேன்.