வெள்ளி ராத்திரி முடிவு, சனி காலை ரயில்: மதுரையில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு

ஈப்போவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மதுரைக்குப் படிக்க வருபவர்களுக்கு மொழியும் சாப்பாடும் பெரிய பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி மெஸ்ஸில் யாராவது "நாளைக்கு எங்கயாவது போவமா" என்று ஆரம்பிக்கும்போதுதான் கையிலிருக்கும் வெளிநாட்டு பாஸ்போர்ட் குறுக்கே வந்து நிற்கும். கூடப் படிக்கும் உள்ளூர்ப் பையன்கள் ஆதாரைக் காட்டி எந்த லாட்ஜிலும் ரூம் எடுத்துவிடுவார்கள். உங்களுக்கு அது நடக்காது. அதனால் திடீர் வார இறுதிக்கு ஒரே கணக்குதான்: படுக்கை மதுரை விடுதியிலேயே இருக்கட்டும், சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று என்று காலையில் போய் ராத்திரி திரும்பும் இரண்டு பயணமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

லாட்ஜ் ஏன் சிக்கல்? வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை ஆன்லைனில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது லாட்ஜ்காரரின் பொறுப்பு. அவர்கள் பேச்சில் இது 'ஃபார்ம் சி'. சின்ன லாட்ஜ்கள் பலவற்றில் இந்த ஏற்பாடே கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு "ரூம் இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பெரிய ஹோட்டல்கள் ரூம் கொடுக்கும், ஆனால் பாஸ்போர்ட் அசலைக் கேட்கும். விசா நீட்டிப்புக்கோ வேறு வேலைக்கோ அந்த அசல் கல்லூரி அலுவலக பீரோவில் இருந்தால் திங்கள் காலைவரை அது வெளியே வராது. தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வெள்ளி மாலை அலுவலகம் பூட்டுவதற்குள் அசலை வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டவர் பதிவுச் சான்று மூன்றுக்கும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் பையில் இருக்கட்டும். விடுதியிலிருந்து வெளியே போக அனுமதிக்கும் அவுட்பாஸிலும் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். சனிக்கிழமை விடியற்காலையில் வார்டனைத் தேடி அலைய முடியாது.

டிக்கெட்டிலும் இதே கதைதான். 2025 ஜூலை 1 முதல், ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் (கடைசி நேர முன்பதிவு) எடுக்க முடியும். கடந்த 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்த வெளிநாட்டவர் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம் என்றாலும், முதல் வருட மாணவர்களிடம் பெரும்பாலும் இருக்காது. தட்கலை மறந்துவிட்டு முன்பதிவில்லாப் பெட்டியை நம்புங்கள். 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவில்லா டிக்கெட்டை முந்தைய நாளே எடுத்து வைக்க முடியாது. வாங்கிய 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். கூட்டம் தாங்காமல் அதே டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறினால் கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

பஸ் என்றால் ஸ்டாண்டைத் தப்பாகப் பிடிப்பதுதான் வழக்கமான தவறு. ராமேஸ்வரம், திருச்சி, திருநெல்வேலி, காரைக்குடி பக்கம் என்றால் மாட்டுத்தாவணி. திண்டுக்கல், தேனி, கோவை பக்கம் என்றால் ஆரப்பாளையம். பெரியார் நிலையம் டவுன் பஸ்ஸுக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் காலை நேரத்தில் முக்கால் மணி போய்விடும்.

தூரமான பயணத்தைச் சனிக்கிழமைக்கு வையுங்கள். ஞாயிறு மாலை ஊர் திரும்புகிறவர்கள் கூட்டத்தில் நான்கு மணி நேரம் நின்றுகொண்டே வந்தால் திங்கள் இன்டர்னலை எழுதத் தெம்பிருக்காது. சனிக்கு ராமேஸ்வரம் சரி. ரயிலில் ஏறக்குறைய 4 மணி நேரம். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயில் கடல்மேல் மெதுவாகப் போகும். 1914இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டியது இது. கோயில் பகல் 1 மணிக்கு நடை சாத்தி 3 மணிக்குத் திறக்கும், தனுஷ்கோடிச் சாலையிலோ மாலை 5 மணிக்கு மேல் ஆளை விடுவதில்லை. நாளின் வரிசையை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கும்: இறங்கியதும் கோயில், மதியச் சாப்பாடு, பிறகு தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனை. கோயிலின் 22 தீர்த்தக் கிணற்றிலும் நீராடினால் ஈரத் துணியோடு சன்னதிக்குள் போக முடியாது. மாற்றுத் துணி ஒரு செட், ஈரத்தைப் போட ஒரு கவர் அவசியம். போனுக்கும் உள்ளே அனுமதியில்லை.

அரிச்சல்முனையில் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் நீரோட்டம் இழுக்கும். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். அங்கே போன் இலங்கை சிக்னலைப் பிடிப்பதும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு சந்தோஷம்தான், ஆனால் ரோமிங்கை அணைத்துவிட்டுச் சந்தோஷப்படுங்கள்.

கொடைக்கானல் வேண்டாம். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், நடுவில் ஏரிக்கரை நெரிசல். வாடகைக் காரில் போனால் 2024 மே முதல் இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வேறு (பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை). நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பவும் கூடாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் உங்கள் ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது.

ஞாயிறு காலை கீழக்குயில்குடி சமணர் மலை. தாமரைக் குளம், கருப்பசாமி கோயில், ஆலமரம் என்று அடிவாரமே உட்காரத் தோன்றும் இடம், ஆனால் உட்காராமல் ஏறிவிடுங்கள். பத்து மணிக்கெல்லாம் பாறை சூடேறிவிடும். படி ஏறினால் பேச்சிப்பள்ளம்: சுனையும், பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தும். செட்டிப்புடவு என்ற சமணக் குகை மலையின் இன்னொரு பக்கம். கீழே இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும். மேலே தண்ணீர் விற்பவர் யாரும் இல்லை, ஆளுக்கு ஒரு லிட்டராவது சுமந்தாக வேண்டும். மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மதியத்துக்கு மேல் கீழடி. அகழாய்வில் கிடைத்த பழம்பொருள்களுக்காக 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். செவ்வாய்தான் விடுமுறை, ஞாயிறு கவலையில்லை. மானாமதுரை ரோட்டில் போகும் எல்லா பஸ்ஸும் அங்கே நிற்பதில்லை. "கீழடி விலக்குல நிக்குமா" என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். பானை ஓட்டுக் கீறல்களையும் எழுத்துகளையும் நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும்.

விடுதிக்குத் திரும்பியதும் கேட் ரிஜிஸ்டரில் வந்த நேரத்தை எழுத மறக்காதீர்கள். களைப்பில் நேரே ரூமுக்குப் போய்ப் படுத்துவிட்டால் நீங்கள் இன்னும் வெளியே இருப்பதாகத்தான் கணக்கு. வார்டன் வீட்டுக்குப் போன் போடுவார். மதுரையில் ஒன்பதரை மணி என்றால் ஈப்போவில் நள்ளிரவு.