சேவல் காசின் விளிம்பு

முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தபோது கை நடுங்கியது. பிரெஞ்சு நாட்டின் 20 பிராங்க் தங்கக் காசு, சேவல் பொறித்தது, 1910ஆம் ஆண்டு. இணையத்தில் தங்கத்தின் விலையைவிடக் குறைவாகக் கிடைத்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தெருமுனைப் பட்டறை ஆசாரி தராசில் வைத்தார். 3.3 கிராம். அசல் 6.45 கிராம் இருக்க வேண்டும். குறுக்களவு மட்டும் அச்சாக 21 மில்லிமீட்டர். அதே அளவில் பாதி எடை என்றால் உள்ளே தங்கம் இல்லை. "உரைத்துப் பார்க்கவே வேண்டாம் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். (உரைகல்லில் தேய்த்தால் நல்ல காசிலும் தழும்பு விழும், சேகரிப்பவர்கள் அதைச் செய்யவே கூடாது.)

என்னை இன்னமும் உறுத்துவது விளிம்புதான். 1907 முதல் 1914 வரையிலான சேவல் காசுகளின் விளிம்பைச் சுற்றி ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்று பிரெஞ்சில் எழுத்துகள் ஓடும். அதற்கு முந்தையவற்றில் ‘கடவுள் பிரான்ஸைக் காக்கிறார்’ என்றிருக்கும். என் காசிலோ சீப்புப் பற்களைப் போல வெறும் கோடுகள். விற்றவர் இரண்டு பக்கங்களின் படங்களைத்தான் அனுப்பியிருந்தார். விளிம்பின் படத்தை நான் கேட்கவில்லை.

எடை போட்ட படத்தோடு பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஆறு நாட்களாகப் பதில் இல்லை.