பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: கெர்னல் மாற்றிய பிறகு வந்த டெர்மினல் பிழை

மாதக் கடைசியில் கடைகளிலிருந்து வரும் ஸ்டாக் ஃபைல்களை டேட்டாபேஸில் ஏற்றுவது என் வேலை. அதற்கு ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) இருக்கிறது, வரிக்கு வரி டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், கொட்டிக்கொண்டே ஓடும். பெருங்குடி ஆபீஸில் இருக்கும் சர்வர், உபுண்டு 22.04. இருநூறு நாளுக்கு மேல் ரீபூட்டே ஆகாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை கெர்னலை (சிஸ்டத்தின் அடித்தளமான புரோகிராம்) 5.15-லிருந்து 6.8-க்கு மாற்றி, ரீபூட் செய்து, எல்லாம் நன்றாக எழுந்ததைப் பார்த்துவிட்டு மடிப்பாக்கத்துக்குக் கிளம்பினேன்.

அன்று இரவே வீட்டிலிருந்து ஓட்டிய ஸ்கிரிப்ட் பாதியில் நின்றது. "எக்கோ: ரைட் எரர்: ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்" என்று ஒரு வரி. மறுபடி ஓட்டினேன், முழுசாக முடிந்தது. மூன்றாவது தடவை நூறு வரி தாண்டுவதற்குள் நின்றது. ஸ்கிரிப்ட்டின் தலையில் 'செட் -ஈ' போட்டிருக்கிறேன், ஒரு கட்டளை தோற்றாலும் மொத்தமும் நின்றுவிடும். திரையில் எழுத முடியாததற்காக டேட்டாபேஸ் வேலை பாதியில் தொங்கியது. இன்னும் கொடுமை, பிழைச் செய்தியும் அதே திரைக்குத்தான் போக வேண்டும் இல்லையா, அதனால் சில தடவை செய்தியே வராமல் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் செத்துக் கிடந்தது.

கெர்னல் மாற்றிய அன்றைக்கே வந்த கோளாறு. வேறு யாரைச் சந்தேகப்படுவது? கெர்னலின் குறிப்புகளைக் காட்டும் டிமெஸ்ஜி பார்த்தேன், ஒன்றுமில்லை. டிஸ்கில் இடம் இருந்தது, மெமரி இருந்தது, 'யுலிமிட்' வரம்பு எண்களும் சரி. டெர்மினலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் 'ஸ்டிடிஒய் சேன்' அடித்தேன், 'ரீசெட்' அடித்தேன், லேப்டாப்பில் டெர்மினல் புரோகிராமையே மாற்றிப் பார்த்தேன். இதெல்லாம் சாமிக்கு வேண்டிக்கொள்வது மாதிரிதான், செய்யாமலும் இருக்க முடியாது.

திங்கட்கிழமை ஆபீஸ் போய் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய 5.15-ஐத் தேர்ந்தெடுத்து பூட் செய்தேன். என் மேஜையிலிருந்து பத்து தடவை ஓட்டினேன், ஒரு பிழை கூட இல்லை. தீர்ந்தது விஷயம் என்று டீமுக்கு ஒரு மெயில் தட்டினேன், "6.8-க்கு யாரும் போகாதீர்கள்" என்று. மற்ற இரண்டு சர்வர்களிலும் கெர்னல் பேக்கேஜை மாறாதபடி ஹோல்டில் வைத்தேன். இந்த இடத்தில் ஒரே ஒரு காரியம் செய்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்: 6.8-இலும் அதே மேஜையிலிருந்து பத்து தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

செவ்வாய் இரவு வீட்டிலிருந்து லாகின் செய்தேன். எங்கள் தெருவில் எதற்கோ பள்ளம் தோண்டி கேபிள் அறுந்து வெள்ளிக்கிழமையிலிருந்தே இன்டர்நெட் இல்லை, போன் ஹாட்ஸ்பாட்தான். அதே 5.15 கெர்னல். அதே பிழை. 'யுநேம் -ஆர்' அடித்து இரண்டு தடவை சரிபார்த்தேன், 5.15தான்.

ஆக ஆபீஸில் வராது, வீட்டில் வரும். கொஞ்ச நேரம் மண்டை காய்ந்தது. ஸ்கிரிப்ட்டை '| கேட்' என்று பைப்பில் விட்டுப் பார்த்தேன், அதாவது அது கொட்டுவதை கேட் என்ற புரோகிராம் வாங்கித் திரையில் எழுதும். இப்போது ஸ்கிரிப்ட் வாயே திறக்கவில்லை, கேட் கத்தியது, "கேட்: ரைட் எரர்" என்று. அப்போதுதான் உறைத்தது, எழுதுகிற புரோகிராம் எது என்பது முக்கியமே இல்லை, கோளாறு அந்த டெர்மினலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புரோகிராம் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் ஸ்ட்ரேஸ் போட்டேன். (அதன் வெளியீட்டை '-ஓ' கொடுத்து ஃபைலுக்கு அனுப்புங்கள், இல்லாவிட்டால் அதுவும் இதே திரையில் வந்து மாட்டிக்கொள்ளும்.) ரைட் அழைப்புக்கு -1, ஈஅகெய்ன், பிழை எண் 11. 'இப்போது இடமில்லை, அப்புறம் வா' என்று அர்த்தம். சாதாரணமாக டெர்மினலில் இடமில்லை என்றால் கெர்னல் எழுதுகிறவனைக் காக்கவைக்கும், திருப்பி அனுப்பாது. திருப்பி அனுப்புகிறது என்றால் யாரோ நான்-பிளாக்கிங் கொடியை ('காத்திருக்காதே' என்ற அமைப்பு) ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஸ்கிரிப்ட் ஓடும்போதே இன்னொரு லாகினிலிருந்து /ப்ராக் அடியில் அதன் எஃப்டிஇன்ஃபோவில் (அது திறந்து வைத்திருப்பவற்றின் விவரம்) 1-ஆம் எண்ணை, அதாவது திரைக்கு எழுதும் வழியைப் பார்த்தேன். 0100002 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0104002. நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்த 4தான் அந்தக் கொடி, அதுதான் குற்றவாளி. வேலை முடிந்த பிறகு பார்த்தால் தெரியாது, ஏனென்றால் ப்ராம்ப்டுக்குத் திரும்பிய பாஷ் இதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடும். முதல் நாள் நான் ஏமாந்தது அங்கேதான்.

யார் ஏற்றினது? ஆறு மாதம் முன்பு டீமில் இருக்கும் தம்பி ஒருவன் ஒரு சின்ன பைத்தான் கருவி எழுதினான். ஸ்கிரிப்ட் பின்னணியில் ஓடும், இது முன்னால் நின்று எத்தனை ஃபைல் முடிந்தது என்று காட்டும், 'க்யூ' அழுத்தினால் நிறுத்தும். கீ அழுத்தலுக்காகக் காத்து நிற்கக் கூடாது என்று ஸ்டடினை (கீ அழுத்தல் உள்ளே வரும் வழி) நான்-பிளாக்கிங் ஆக்கியிருந்தான். ஸ்டடினை மட்டும்தானே என்று தோன்றும். தூரத்திலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வரும்போது டெர்மினல் ஒரே ஒரு முறைதான் திறக்கப்படுகிறது, 0 (உள்ளீடு), 1 (வெளியீடு), 2 (பிழைச் செய்தி) மூன்றும் அதன் பிரதிகள், அதிலிருந்து பிறக்கும் புரோகிராம்களுக்கும் அதே பிரதிகள்தான் போகின்றன. கொடி எண்ணுக்கு எண் தனித்தனியாக இருப்பதில்லை, திறந்த அந்த ஒன்றில்தான் இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மெயின் சுவிட்சை அணைத்த கதை.

"அண்ணா, ஆறு மாசமா ஒழுங்கா ஓடிச்சே" என்றான். நியாயமான கேள்வி, அந்த புரோகிராமைச் சரி பார்த்து ஓகே சொன்னவனும் நான்தான். பதில் டீமக்ஸில் இருந்தது, லாகின் போனாலும் சர்வரிலேயே உயிரோடு இருக்கும் டெர்மினல் அது. இத்தனை நாளும் சர்வரில் எப்போதோ திறந்து வைத்த ஒரு டீமக்ஸ் செஷனுக்குள்தான் இதை ஓட்டிக்கொண்டிருந்தேன். டீமக்ஸ் சர்வரிலேயே உட்கார்ந்து கொட்டுவதையெல்லாம் உடனுக்குடன் வாங்கிக்கொள்ளும், என் லைன் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, பஃபர் (எழுதியது வரிசையில் நிற்கும் இடம்) நிரம்புவதே அபூர்வம். ரீபூட்டில் அந்த செஷன் போய்விட்டது. அதன் பிறகு நேராக லாகின் செய்து ஓட்டினேன். ஹாட்ஸ்பாட் திணறும்போது எஸ்எஸ்எச் வாங்குவதை நிறுத்தும், பஃபர் நிரம்பும், ஈஅகெய்ன் வரும். ஆபீஸ் நெட்வொர்க்கில் திணறலே இல்லை. கெர்னல் செய்த ஒரே பாவம் ரீபூட் கேட்டது.

இந்தப் பிழையை வரவழைக்க ஹாட்ஸ்பாட் கூடத் தேவையில்லை. ஸ்கிரிப்ட் ஓடும்போது கன்ட்ரோல்-எஸ் அழுத்துங்கள். திரை உறையும், கொடி ஏறியிருந்தால் ஸ்கிரிப்ட் அந்த நொடியே விழும். கொடி இல்லையென்றால் கன்ட்ரோல்-க்யூ அழுத்தும்வரை சமர்த்தாகக் காத்திருக்கும். 6.8-இலும் 5.15-இலும் ஒரே மேஜையிலிருந்து இப்படிச் செய்து பார்த்தேன், இரண்டிலும் விழுந்தது.

சரிசெய்ய இரண்டு வரிதான் ஆனது. கருவி ஸ்டடினைத் தொடாமல் /டெவ்/டிடிஒய் என்ற பெயரில் அதே டெர்மினலைப் புதிதாகத் திறந்து, நான்-பிளாக்கிங் கொடியை அதில் மட்டும் போட்டுக்கொள்கிறது. புதிதாகத் திறந்தால் அது தனிக் குடித்தனம், மற்றவர்கள்மேல் படாது. கொடியே வேண்டாமென்றால் செலெக்ட் அழைப்பில் காத்திருப்பு நேரத்தைப் பூஜ்யமாக வைத்து, கீ வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் படிக்கலாம், அதுவும் வேலை செய்யும்.

புதன் காலை சர்வரை 6.8-க்குத் திருப்பினேன். அன்று இரவு அதே ஹாட்ஸ்பாட்டில் மூன்று தடவை ஓட்டினேன், மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் மூன்றும் முடிந்தது. மற்ற இரண்டு சர்வர்களில் வைத்த ஹோல்டையும் எடுத்தாகிவிட்டது. டீமுக்கு இரண்டாவது மெயில் இன்னும் டிராஃப்டில் இருக்கிறது, முதல் வரியை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.