நெடிய வீட்டில் மோதும் அலைகள்

சென்ற தை மாதம் காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டில் அப்பச்சிக்குச் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) நடந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பங்காளிகள் பார்ப்பதற்காக, முகப்பிலிருந்து வைஃபை வழியே நேரலை அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். முந்தைய நாள் தெளிவாக ஓடிய படம், விருந்தினர் நிறைந்ததும் நின்று நின்று ஓடியது. சிக்னல் கோடுகளோ முழுமையாகவே இருந்தன. மாலை மாற்றிய காட்சியை அத்தை பார்க்க முடியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

காரணம் வைஃபை இயங்கும் விதத்திலேயே இருந்தது. வைஃபை கருவியிலுள்ள ரேடியோ, தான் அனுப்பிக்கொண்டிருக்கும்போது அதே சேனலில் (அலைவரிசையில்) பிறர் அனுப்புவதைக் கேட்க இயலாது. ஆகவே வைஃபை, இரு கருவிகள் ஒரே நேரத்தில் அனுப்பித் தரவு கெடும் மோதலைக் கண்டறிவதை விட்டுவிட்டு அதைத் தவிர்க்கவே முயல்கிறது. ஒவ்வொரு கருவியும் முதலில் சேனலைக் கேட்டுப் பார்த்து, 0 முதல் 15 வரை ஓர் எண்ணைக் குலுக்கலாக எடுத்து, 9 மைக்ரோ விநாடித் துண்டுகளை அந்த எண்ணிக்கை அளவுக்குக் கழித்த பின்னரே அனுப்புகிறது. தரவு வந்து சேர்ந்தது என்று மறுமுனை அனுப்பும் ஒப்புகை வராவிட்டால் மோதல் நேர்ந்ததாகக் கொண்டு, அந்த மேல் எல்லையை 31, 63 என்று 1023 வரை உயர்த்திக்கொள்ளலாம். ஐந்து போன்கள் ஒருசேர எண் எடுத்தாலே, அவற்றுள் இரண்டுக்காவது ஒரே எண் அமையும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. அன்று எங்கள் வீட்டில் நூறு போன்களுக்கு மேல் இருந்தன.

இதைவிடப் பெரிய சிக்கல் வீட்டின் அமைப்பிலேயே இருந்தது. முகப்பு, நடுமுற்றமுள்ள வளவு, இரண்டாம் கட்டு என ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில், வளவில் வைத்த ரவுட்டருக்கு இரு முனைகளின் குரலும் கேட்கும். ஆனால் இடையிலுள்ள தடித்த சுண்ணாம்புச் சுவர்களால் முகப்பிலுள்ள மடிக்கணினிக்கும் பின்கட்டிலுள்ள போனுக்கும் ஒன்றையொன்று கேட்காது. இரண்டும் சேனல் ஓய்வாக இருப்பதாகவே எண்ணி அனுப்ப, இரண்டும் ரவுட்டரிடம் வந்து மோதின. அனுப்புவதற்கு முன் சிறு செய்தியால் அனுமதி கேட்கும் ஆர்டிஎஸ் முறை இதற்கென்றே உருவானதுதான். ஆயினும் எந்த அளவுக்கு மேற்பட்ட தரவுக்கு அனுமதி கேட்க வேண்டும் என்ற வரம்பை ரவுட்டரில் குறைத்தது ரவுட்டர் அனுப்பும் தரவுக்கு மட்டுமே பொருந்தியது; போன்கள் மேலேற்றும் தரவுக்கு அது உதவவில்லை.

ரவுட்டரின் சக்தியைக் கூட்டச் சொன்னவர்கள் பலர். போனின் குரல் அதனால் உயராது என்பதால் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. அடுத்து வந்த காதுகுத்துக்கு, ஒவ்வொரு கட்டிலும் வைஃபை அலை பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயிண்டை வைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்களைக் கொடுத்து, சக்தியைக் குறைத்தேன். 1, 2 எம்பிபிஎஸ் வேகங்களை நிறுத்தியதால், ஆக்சஸ் பாயிண்ட் தன் இருப்பைச் சொல்ல விநாடிக்குப் பத்து முறையளவில் ஒலிக்கும் பீக்கன் அறிவிப்புகள் காற்றில் எடுக்கும் நேரமும் குறைந்தது. நேரலை மடிக்கணினியைக் கேபிளில் இணைத்துவிட்டேன். என் பார்வையில் எல்லாவற்றிலும் பயன் தந்தது இதுதான். பர்மா தேக்கு நிலைகளைத் துளைக்க மனம் வராததால் கேபிளைத் தாழ்வாரத்து ஓட்டோரமாகவே கொண்டுபோனேன். காது குத்தியபோது குழந்தை அழுதது மலேசியாவில் அத்தைக்குத் தடையின்றிக் கேட்டது.