லேபர் கட்சிய வச்சு எங்க வீட்ல நடக்கற சண்டை

கேரளாவுல பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைல உக்காந்துட்டு அயர்லாந்து அரசியல் உனக்கெதுக்குடான்னு கேக்கறவங்க நெறய பேரு. அக்கா அங்க நர்ஸு, மாமாவும் அங்கதான், ரெண்டு பேருக்கும் சிட்டிசன்ஷிப் கெடச்சு ஓட்டும் போடறாங்க, லீவுக்கு வந்தாலும் சரி வீடியோ கால்லயும் சரி பாதி நேரம் இதே பேச்சுதான். அக்கா லேபர் பார்ட்டி. மாமா ஷின் ஃபெயின், அதுவும் அங்க ஒரு கட்சி. சித்தப்பா இங்க பழைய சகாவு, அதாவது கம்யூனிஸ்ட் தோழர், அவருக்கு ரெண்டுமே ஆகாது, ஆனா நடுவுல பூந்து பேசாம இருக்க மாட்டாரு. எனக்கும் இதுல ஒரு கருத்து இருக்கு, கால்ல முழுசா சொல்ல விடமாட்டேங்கறாங்க, அதனால இங்க எழுதறேன்.

2008 செப்டம்பர் கடைசில அயர்லாந்து பேங்க் எல்லாம் கவுர்ற நிலமைக்கு வந்துச்சு, அப்ப ஆட்சில இருந்த ஃபியானா ஃபால் கவர்மென்ட் ஒரே ராத்திரில எல்லாத்துக்கும் நாங்க கியாரண்டின்னு சொல்லிருச்சு, பேங்குக்காரன் கடன் ஜனங்க தலைல ஏறுச்சு, 2010 நவம்பர்ல ஐஎம்எஃப்ங்கற சர்வதேச நாணய நிதியத்துகிட்டயும் ஐரோப்பிய யூனியன்கிட்டயும் கடனுக்குப் போய் நிக்க வேண்டியதாயிருச்சு. மொத்தம் 85 பில்லியன் யூரோ, அதுல 17.5 பில்லியன் அயர்லாந்தோட சொந்தப் பணமே. கவர்மென்ட் சம்பளம் வாங்கறவங்களுக்கு 2009ல பென்ஷன் லெவின்னு ஒரு பிடித்தம், 2010ல சம்பளத்துலயே வெட்டு. அந்தக் கோவத்துலதான் 2011 பிப்ரவரி எலக்‌ஷன் வந்துச்சு. 2007ல 77 சீட்டு ஜெயிச்ச ஃபியானா ஃபால் 20க்கு வந்துருச்சு.

லேபருக்கு 37 சீட்டு, அவங்க சரித்திரத்துலயே அதுதான் அதிகம். அது எப்படி வந்துச்சுங்கறதுதான் சண்டையே. லீடர் ஏமன் கில்மோர், ஒண்ணு லேபர் வழி இல்ல ஃப்ராங்க்ஃபர்ட் வழின்னு பேசினாரு, அதாவது ஐரோப்பிய சென்ட்ரல் பேங்க் சொல்றதக் கேட்டு ஆட மாட்டோம்னு. ஃபைன் கேல்ங்கற இன்னொரு கட்சி தனியா ஆட்சிக்கு வந்தா என்னென்ன வெட்டு விழும்னு சூப்பர்மார்க்கெட் ஆஃபர் மாதிரியே விளம்பரம் போட்டாங்க, அதுல குழந்தைகளுக்கு மாசாமாசம் குடுக்கற பணத்துல வெட்டும் ஒண்ணு. காலேஜ் ஃபீஸ் ஏத்த மாட்டோம்னு லேபர்ல ரூரி குவின் ஸ்டூடன்ட்ஸ் முன்னாடி நின்னு கையெழுத்தே போட்டாரு.

அப்பறம் அதே ஃபைன் கேலோட கூட்டணி. ஃப்ராங்க்ஃபர்ட் சொன்னதுதான் நடந்துச்சு. குவின்தான் கல்வி மந்திரி, காலேஜ்ல மாணவர் கட்ட வேண்டிய தொகை வருஷம் 250 யூரோவா ஏறி ஏறி 2000ல இருந்து 3000க்கு வந்துச்சு. குழந்தைப் பணம் 140ல இருந்து 130 ஆச்சு. வீட்ல முடியாதவங்கள வச்சு பாத்துக்கறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ குடுக்கற 1700 யூரோவயும் 1375 ஆக்கினாங்க, எனக்கு இதுதான் எல்லாத்துலயும் மோசமாப் படுது, படுத்த படுக்கையா இருக்கற அம்மாவப் பாத்துக்கற மகள்கிட்ட போய் 325 யூரோ மிச்சம் புடிச்சு எந்த நாட்டக் காப்பாத்தப் போறாங்க. அந்த பட்ஜெட்டுக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டு கட்சி சேர்மன் கோலம் கீவ்னியே வெளிய போனாரு.

மாமா இதெல்லாம் விரல் விட்டு சொல்வாரு, சொல்லிட்டு இவங்களுக்கு இனி ஆயுசுக்கும் ஓட்டு இல்ல மாப்ளன்னு முடிப்பாரு. உடனே அக்கா, உங்க ஷின் ஃபெயின் மட்டும் என்ன ஒழுக்கமான்னு ஆரம்பிப்பா. அவ சொல்றதும் நெசந்தான். 2008ல அந்த பேங்க் கியாரண்டிக்கு பார்லிமென்ட்ல எதிர்த்து ஓட்டுப் போட்டது லேபர், ஆதரிச்சது ஷின் ஃபெயின். தண்ணி வரி வந்தப்ப ஷின் ஃபெயின் தலைவர்ங்க முதல்ல கட்டுவோம்னாங்க, 2014 அக்டோபர்ல டப்ளின்ல ஒரு இடைத்தேர்தல்ல தோத்ததும் கட்ட மாட்டோம்னு திரும்பிட்டாங்க. மாமா அதுக்கு நிபந்தனையோடதான் ஆதரிச்சோம்னு ஒண்ணு சொல்வாரு, அக்கா இன்னொண்ணு சொல்வா, கடைசில முதல்ல கேட்ட கேள்வி எங்க போச்சுன்னே தெரியாது.

என் ஆதங்கமே இதுதான். லேபர் ஏன் கையெழுத்து போட்டுட்டு மாறுச்சுன்னு கேட்டா ஷின் ஃபெயின் என்ன பண்ணுச்சுங்கறது பதில் இல்ல. அது தனிக் கேள்வி, தனியாக் கேளுங்க, நானும் கூட சேந்து கேக்கறேன்.

அக்காகிட்ட அதவிட நல்ல வாதம் இருக்கு, கோவத்துல அத எடுக்கறதே இல்ல. அதுக்கு முன்னாடி இருந்த ஃபியானா ஃபால் கவர்மென்ட் மணிக்கு 8.65 யூரோ இருந்த மினிமம் வேஜ 7.65க்கு எறக்கிட்டு போச்சு, 2011 ஜூலைல அத பழையபடி ஏத்தினது லேபர் இருந்த ஆட்சி. அப்பறம் சவிதா ஹலப்பனவர். பெலகாவிப் பொண்ணு, பல் டாக்டர், 2012 அக்டோபர்ல கால்வே ஆஸ்பத்திரில கரு கலைஞ்சுட்டு இருக்கறப்ப கேட்டும் அபார்ஷன் பண்ணாம, செப்சிஸ்ங்கற கிருமித் தொற்று உடம்பெல்லாம் பரவி செத்துப் போனா. அந்த வாரம் அக்கா போன்ல அழுதது இன்னிக்கும் எனக்கு மறக்கல. உயிருக்கே ஆபத்துன்னா செய்யலாம்னு கோர்ட் தீர்ப்பு 1992லயே வந்தும் எந்த கவர்மென்ட்டும் அதுக்குன்னு சட்டம் போடல, 2013 ஜூலைலதான் சட்டம் வந்துச்சு, கூட்டணிக்குள்ள அதுக்கு அழுத்தம் குடுத்தது லேபர். பத்தாத சட்டம்தான், 2018ல ஜனங்ககிட்டயே ஓட்டுக் கேட்ட ரெஃபரண்டத்துலதான் கதவு சரியா தொறந்துச்சு. ஆனா அந்த முதல் படிய லேபர் கணக்குல எழுதாம விடறது நியாயம் இல்ல.

அதுக்காக மத்தது அழிஞ்சுறாது. நெருக்கடில ஒரு கட்சியால நெனச்சத செய்ய முடியாமப் போகலாம், அத நான் ஏத்துக்கறேன். ஆனா கஜானா காலின்னு 2011 பிப்ரவரில நாட்டுக்கே தெரியும், ஐஎம்எஃப் வந்து மூணு மாசம் ஆச்சு, அத தெரிஞ்சுட்டே கையெழுத்து போட்டது முடியாமப் போனது இல்ல, ஓட்டுக்காக சொன்னது. குழந்தைப் பணம் பத்தி டிவில கேட்டப்ப பேட் ராபிட்ங்கற லேபர் மந்திரி, எலக்‌ஷன் நேரத்துல அப்படித்தான செய்வோம்ங்கற மாதிரி பதில் சொன்னாரு. வெட்டக்கூட பொறுத்துக்குவாங்க, இந்தப் பதில ஜனங்க பொறுக்கல. 2016ல 37 போய் 7 ஆச்சு. 1992லயும் ஃபியானா ஃபாலத் திட்டி 33 ஜெயிச்சு அவங்களோடயே போய் உக்காந்தாங்க, 97ல 17.

சித்தப்பாவுக்கு இது கேக்க சந்தோசம். நான் அவர்கிட்டயும் கேட்டேன், இங்க பக்கத்துல பிளாச்சிமடைல குளிர்பானக் கம்பெனிய வரவச்சது யாரு ஆட்சில, கிணத்துத் தண்ணி கெட்டப்பறம் போராட்ட மேடைல வந்து மைக் புடிச்சது யாரு. எல்லாக் கட்சியும்தான். 2011 பிப்ரவரில கேரள சட்டசபைல ஒருத்தர்கூட எதிர்க்காம நஷ்டஈட்டு மசோதா பாஸ் பண்ணாங்க, ஜனாதிபதி ஒப்புதல் வராம திரும்பிருச்சு, 216 கோடி ரூபா நஷ்டம்னு கமிட்டி சொன்னது பேப்பர்லயே கெடக்கு. யாரக் கேட்டாலும் அடுத்தவனக் காட்டறாங்க. அந்தப் போராட்டத்துல முன்னாடி நின்ன மயிலம்மா அதப் பாக்காமயே 2007ல போயிட்டாங்க. சித்தப்பா பதில் சொல்லல, டெல்லியத் திட்டினாரு.

2024 எலக்‌ஷன்ல லேபருக்கு 11 சீட்டு. லேபர்ல ஜூனியர் மந்திரியா இருந்து 2012ல ராஜினாமா பண்ணின ரோஷீன் ஷார்டால் கூட சேந்து ஆரம்பிச்ச சோஷியல் டெமாக்ரட்ஸுக்கும் அதே 11. லேபர் இந்தத் தடவ கூட்டணிக்குப் போகாம வெளிய நின்னுச்சு. அக்கா பாடம் கத்துட்டாங்கங்கறா, மாமா பயந்துட்டாங்கங்கறாரு. வெளிய நிக்கறது மட்டும் நம்பிக்கைய வாங்கித் தராதுன்னு நான் நெனைக்கறேன். அங்க வேட்பாளர்ங்க வீடு வீடா வந்து கதவத் தட்டுவாங்க. அடுத்த தடவ லேபர் ஆளு வந்தா ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுன்னு அக்காகிட்ட சொல்லிருக்கேன்: மந்திரி சபைக்குள்ள போனப்பறம் எந்த வெட்டு வந்தா எந்திரிச்சு வெளிய வருவீங்க, அத இப்பவே பேர் சொல்லிச் சொல்லுங்க.